புள்ளி வைத்த வாத்தியார்!

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்சில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? வழியில் மரக்காணம் வரும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உப்பளங்கள் தெரியும். வெயில் காலத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னும். வரப்பு ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் நிற்கும்.

அந்த ஊர் மாணவி ஒருத்தி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தன் மாமாவுக்கு இ-மெயில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மரக்காணத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. மாமா பார்க்கட்டுமே என்று அந்தப் பக்கத்தின் முகவரியை மெயிலில் ஒட்டி அனுப்புகிறாள். முகவரியின் முன்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியில் மட்டும் 'மரக்காணம்' என்று அழகாகத் தமிழில் இருக்கும்.

மாமா மெயிலைத் திறக்கிறார். முகவரி நீல நிறத்தில், அடியில் கோடு போட்டு நிற்கிறது. மவுசால் தட்டினால் பக்கம் திறக்க வேண்டும். இதைத்தான் லிங்க் என்கிறோம். ஆனால் அந்த நீலம் பாதியிலேயே நின்றுவிட்டது! 'மரக' வரைக்கும்தான் நீலம். மிச்சமெல்லாம் கறுப்பு. 'க'வின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி, தனியாக நிற்க முடியாமல் ஒரு குட்டி வட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாமா கிளிக் செய்தால், 'மரக' என்று ஒரு பக்கமே இல்லை என்று பதில் வருகிறது.

பழைய மெயில் புரோகிராம்கள் பலவற்றில் இந்தக் கூத்து நடந்தது. இன்றும் சில இடங்களில் நடக்கிறது. ஒரு புள்ளியைக் கண்டு கம்ப்யூட்டர் ஏன் மிரள வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ள, அந்த மாமா இருக்கும் சிங்கப்பூரிலேயே வாழ்ந்த ஒரு தமிழ் வாத்தியாரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் நா. கோவிந்தசாமி.

1946 ஏப்ரல் 18ல் சிங்கப்பூரில் பிறந்தவர் அவர். அப்போதுதான் இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. ஜப்பான்காரர்கள் போய், மறுபடியும் வெள்ளைக்காரர்கள் ஆட்சி. கோவிந்தசாமி வளர்ந்து இளைஞர் ஆனபோது, 1965ல் சிங்கப்பூர் தனி நாடு ஆனது. அந்தச் சின்ன நாட்டுக்கு நான்கு ஆட்சிமொழிகள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். அங்கே சீனர்கள்தான் அதிகம். தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் ரூபாய் நோட்டு மாதிரி அவர்கள் வைத்திருக்கும் டாலர் நோட்டிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சாகிறது.

கோவிந்தசாமி ஆசிரியர் ஆனார். கூடவே சிறுகதைகளும் எழுதினார். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களில் முக்கியமானவர் என்று பெயர் எடுத்தார். தென்கிழக்கு ஆசிய எழுத்தாளர் விருது 1994ல் அவருக்குக் கிடைத்தது. ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தார். அதாவது, வாத்தியார்களுக்கே வாத்தியார்!

இத்துடன் நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல எழுத்தாளர், நல்ல ஆசிரியர். அவ்வளவுதான். ஆனால் அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்துவிட்டது. விளையாடுவதற்காக அல்ல. அதில் தமிழ் எழுத வேண்டும் என்பதற்காக!

இப்போது செல்போனில் தட்டினால் தமிழ் வந்து விழுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை நண்பர்களே. கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். அமெரிக்காவில் 1960களில் ஒரு பட்டியல் போட்டார்கள். மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய 'ஏ'வுக்கு 65ம் எண், 'பி'க்கு 66 என்று வரிசையாகக் கொடுத்தார்கள். சின்ன எழுத்து, எண்கள், கமா, கேள்விக்குறி எல்லாம் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது. தமிழுக்கு மட்டுமல்ல, ஆங்கிலம் தவிர்த்த பெரும்பாலான மொழிகளுக்கும் அங்கே சரியான இடம் இல்லை. 1971ல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் முதல் இ-மெயிலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். அந்த மெயிலும் இந்தப் பட்டியலை நம்பித்தான் போனது.

பிறகு பட்டியலை 256 இடங்கள் ஆக்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த 128 இடங்களில் தமிழைக் குடி வைக்கலாம் என்று ஆர்வலர்கள் கிளம்பினார்கள். ஆனால் நம் எழுத்துகள் எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247. எங்கே கொள்ளும்? துணைக்காலைத் தனியாக, கொம்பைத் தனியாகப் பிரித்து, கெட்டிக்காரத்தனமாக உள்ளே திணித்தார்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆளாளுக்கு ஒரு பட்டியல்! ஒருவர் 'அ'வுக்கு ஓர் எண் கொடுத்தால், அடுத்தவர் அதே எண்ணை 'ழு'வுக்குக் கொடுத்திருப்பார். கனடாவில் ஒருவர் செய்த எழுத்து மலேசியாவில் படிக்காது. சென்னையில் தட்டியது சிங்கப்பூரில் பிரெஞ்சு எழுத்தும் பூச்சியும் கொக்கியுமாகத் தெரியும். தமிழில் மெயில் அனுப்பினால், எந்த எழுத்துரு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். பாதிப் பேர் சலித்துப்போய், தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். கோவிந்தசாமிக்கு அது பொறுக்கவில்லை.

அவரும் ஓர் எழுத்து முறையைச் செய்தார். அதற்கு 'கணியன்' என்று பெயர். கணிப்பவன் என்று பொருள். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

1995ல் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சிங்கப்பூர்க் கவிஞர்களின் கவிதைகளை, நான்கு ஆட்சிமொழிகளிலும் இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த வேலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ ஈடுபட்டிருந்தார். அவர் படித்தது உயிர்வேதியியல், மாட்டிக்கொண்டது இன்டர்நெட்டில்! ஆங்கிலமும் மலாயும் அந்த 128 எழுத்துப் பட்டியலிலேயே அடங்கிவிடும். சீனத்துக்கு ஏற்கெனவே நிறையப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தமிழ்? தமிழுக்கு யாரும் முன்வராவிட்டால், நான்கு நாற்காலிகளில் ஒன்று காலியாகக் கிடக்கும்.

கோவிந்தசாமி முன்வந்தார். தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இன்டர்நெட்டில் ஏறின. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். உலகத்தில் தமிழ் வெப்சைட்டின் தொடக்கம் என்று இந்த நாளைத்தான் பலரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைக்க ஆரம்பித்ததே அந்த ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

தமிழ் ஏறிவிட்டது என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும் வரைக்கும் தமிழ்ப் பக்கங்கள் தனித்தனித் தீவுகள்தான் என்பது அவருக்குத் தெரியும். எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசினால் என்ன? 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். வெவ்வேறு நாடுகளில் தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் செய்துகொண்டிருந்தவர்கள் நேருக்கு நேர் சந்தித்தார்கள். தான் செய்ததுதான் சிறந்தது என்று நினைக்கிறவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது, எழுத்துரு செய்வதைவிடக் கஷ்டமான வேலை. எனக்கு அவர் செய்ததிலேயே பெரிய காரியமாகப் படுவது இதுதான்.

சரி, நீலம் பாதியில் நின்றுபோன அந்த லிங்க்குக்கு வருவோம்.

உப்பளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் நிற்க வேண்டும் என்பதை வரப்புதான் தீர்மானிக்கும். லிங்க்குக்கும் இப்படி ஒரு வரப்பு வேண்டும். மெயில் புரோகிராமுக்கு உங்கள் கடிதம் வெறும் எழுத்து வரிசை. அதில் எது முகவரி, எது சாதாரணப் பேச்சு என்று அதுவே கண்டுபிடிக்க வேண்டும். 'எச்டிடிபி' என்ற எழுத்துகளோ மூன்று 'டபிள்யூ'வோ வந்தால், ஆகா, முகவரி தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளும். தொடக்கம் சுலபம். முடிவு எங்கே?

பழைய புரோகிராம்களின் விதி இப்படி இருந்தது. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் வரும் வரைக்கும் போய்க்கொண்டே இரு. வேறு ஏதாவது வந்தால் நில். இந்த விதிப்படி தமிழ் எழுத்தைப் பார்த்ததுமே நீலம் நின்றுவிடும். 'ம'கூடத் தேறாது.

பிறகு விதியைக் கொஞ்சம் தாராளமாக்கினார்கள். எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் சரி, எழுத்தாக இருந்தால் போதும், மேலே போ என்றார்கள். இங்கேதான் புள்ளி மாட்டிக்கொண்டது! உலகத்து மொழிகளுக்கெல்லாம் ஒரே பட்டியலாக 'யூனிகோட்' என்று ஒன்று 1991ல் வெளிவந்தது. அதில் தமிழும் இருக்கிறது. 'க'வுக்கு எண் 2965. புள்ளிக்குத் தனியாக ஓர் எண், 3021. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் திரையில் 'க்' என்று தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் 'க' எழுத்து என்ற வகையிலும், புள்ளி எழுத்தோடு சேரும் குறி என்ற வகையிலும் இருக்கின்றன. துணைக்கால், கொம்பு, சுழி எல்லாமே குறிகள்தான். எழுத்தா என்று மட்டும் கேட்கிற புரோகிராம் என்ன செய்யும்? ம... எழுத்து, போ. ர... எழுத்து, போ. க... எழுத்து, போ. புள்ளி... எழுத்தில்லை, நில்! 'மரக' என்று நீலம் நின்றதற்குக் காரணம் இதுதான்.

'உப்பு' என்று எழுதினாலும் இதே கதைதான். நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு உ, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஐந்து. நீலம் 'உப'வோடு நின்றுவிடும். உப்பில்லாத உப்பு!

ஒரு சுவாரசியம் சொல்லட்டுமா? பழைய கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கல்வெட்டுகளைப் படிக்கிற அறிஞர்கள், இடம் பார்த்து, எங்கே புள்ளி வர வேண்டும் என்று தாங்களே புரிந்துகொள்வார்கள். மனிதனால் அது முடியும். கம்ப்யூட்டரால் முடியாது. ஒரு புள்ளி விட்டுப் போனாலும் அதற்கு அது வேறு முகவரி.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். தமிழ் எழுத்தை அப்படியே அனுப்பாமல், ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி அனுப்புவது. முகவரியை நகல் எடுத்து ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நீளமாக ஏதோ வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து செலவாகும். மரக்காணம் என்ற பெயரில் புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர் கணக்கில் 9 குறிகள். 9 பெருக்கல் 9, 81! சாதாரண மெயிலில் ஒரு வரிக்கு 78 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்பது வழக்கம். ஊர்ப் பெயர் மட்டுமே 81 என்றால் வரி உடையும். வரி உடைந்தால் சில புரோகிராம்களில் லிங்க்கும் உடையும். பள்ளத்துக்குப் பயந்து ஒதுங்கினால் கிணற்றில் விழுந்த கதைதான்.

பெரிய மெயில் புரோகிராம்கள் இப்போது குறிகளையும் சேர்த்துக்கொண்டு, இடைவெளி வரும் வரைக்கும் போகின்றன. ஆனால் அதிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறவர்கள் அல்லவா? முகவரியை எழுதி, இடைவெளி விடாமல் 'இல் பாருங்கள்' என்று எழுதினால், அந்த 'இல்'லையும் முகவரி என்று புரோகிராம் விழுங்கிவிடும்! அதனால் இ-மெயிலில் முகவரி எழுதும்போது அதைத் தனி வரியில் எழுதுங்கள். முற்றுப்புள்ளிகூட வைக்க வேண்டாம்.

தெரியாத ஆளிடமிருந்து வரும் லிங்க்கைத் தட்டவும் கூடாது. தமிழ் எண் ௧, பார்க்க 'க' மாதிரியே இருக்கும். 'ர'வும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். இப்படி ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதை வைத்து, போலி முகவரி செய்து ஏமாற்றுகிறவர்கள் எல்லா மொழிகளிலும் இருக்கிறார்கள். அதனால்தான் சில புரோகிராம்கள், சந்தேகம் வந்தால் முகவரியை அழகாகக் காட்டாமல் ஆங்கில எழுத்துக் கலவையாகவே காட்டுகின்றன.

கோவிந்தசாமியின் கதையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

முகவரியின் கடைசிப் பகுதி தமிழில் இருந்தால் போதுமா? வெப்சைட்டின் பெயரே தமிழில் இருக்க வேண்டாமா? 1998ல் டான் டின் வீயின் குழு, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் வெப்சைட் பெயர் வைக்கும் முறையைச் செய்து காட்டியது. அதேசமயம் எழுத்துப் பட்டியலை ஒன்றாக்கும் பேச்சும் தொடர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த தமிழ் இணைய மாநாடு நடந்தது. இன்று பலரும் தட்டச்சு செய்யும் 'தமிழ் 99' விசைப்பலகை அந்த மாநாட்டின் விளைவுதான்.

மாநாடு முடிந்து மூன்றே மாதம். 1999 மே 26ல் கோவிந்தசாமி காலமானார். வயது 53.

விதைத்தவர் போய்விட்டார், பயிர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் மறுபடி மாநாடு கூடியது. உலகத் தமிழ் இணைய ஆர்வலர்கள் சேர்ந்து 'உத்தமம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2003ல், எந்த மொழி எழுத்திலும் வெப்சைட் பெயர் வைப்பதற்கான விதி உலகம் முழுவதற்கும் வெளியானது. அதன்படி, தமிழ்ப் பெயர் உள்ளுக்குள்ளே ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிப் பயணம் செய்யும். நம் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். ஆளாளுக்கு வைத்திருந்த பழைய பட்டியல்களும் மெல்ல மறைந்து, எல்லாரும் யூனிகோடுக்கு மாறினார்கள். இ-மெயில் முகவரியையே பிற மொழி எழுத்துகளில் வைத்துக்கொள்வதற்கான விதிகள் 2012ல் வந்தன. அப்படிப்பட்ட முகவரிகளுக்கு மெயில் அனுப்பவும் பெறவும் 2014ல் ஜிமெயில் வழி செய்தது.

'டாட் காம்' மாதிரி, முகவரியின் முடிவில் நாட்டின் பெயரைத் தமிழிலேயே போடும் உரிமையும் வந்தது. 2010ல் '.இலங்கை', 2011ல் '.இந்தியா'. அதே 2011ல் இன்னொரு நாட்டுக்கும் கிடைத்தது. '.சிங்கப்பூர்'! எண்ணிப் பாருங்கள், அந்த ஒரு சொல்லின் எழுத்துகள் மேல் மூன்று புள்ளிகள் இருக்கின்றன.